பொறுத்துப் போகச் சொன்ன அண்ணனுக்கு

அண்ணே,

இன்று ஒன்பதாம் வகுப்பில் 'புட் அப் வித்' நடத்தினேன். பொறுத்துக்கொள்வது, சகித்துக்கொள்வது என்று பலகையில் எழுதிவிட்டு ஆளுக்கொரு வாக்கியம் கேட்டேன். ஒருத்தி கொசுக்கடியைச் சொன்னாள். ஒருத்தி கரண்டு போவதைச் சொன்னாள். மூன்றாமவள் எழுந்து, எங்கம்மா வைக்கும் பிரியாணியை நான் 'புட் அப் வித்' பண்ணுகிறேன் என்றதும் வகுப்பே சிரித்தது. "ஏண்டி, அம்புட்டு மோசமாவா இருக்கும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

நல்லதோடு இந்த வினை சேராது, ஆகாத ஒன்றைத்தான் 'புட் அப் வித்' பண்ணுவோம் என்று விளக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். உன் குரல் வந்துவிட்டது. எரிச்சலாக இருந்தது. செத்து ஒரு வருஷமாகியும் விட மாட்டாயா நீ?

போடியில் ஏலக்காய்க் கடைக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன் என்ற பெருமை உனக்கு. கோம்பையில் என்னைக் கட்டிக்கொடுத்த ஏழாம் மாதம், உதடு கிழிந்து உத்தமபாளையத்தில் உன் வீட்டுக்கு வந்து நின்றேன். நீ உதட்டைப் பார்க்கவே இல்லை. "புட் அப் வித்னு இங்கிலீஷ்ல ஒண்ணு இருக்கு தங்கச்சி. குடும்பம்னா அதான். மாப்ள நல்ல மனுசன்தான்" என்றாய். மறுநாள் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை வாங்கினாய். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை வெறுங்கையோடு கொண்டுபோய் விடக் கூடாதாம், நம் வீட்டுப் பழக்கம். அடித்தவனுக்குப் பழம்! பஸ்ஸில் அந்தப் பெட்டியை என் மடியில்தான் வைத்தாய்.

இரண்டாம் தடவையும் அதே வார்த்தை, அதே பெட்டி. அந்த ஆள் திராட்சையைத் தின்றுகொண்டே, "ஒங்கண்ணன் தங்கமான ஆளு" என்றான். மூன்றாம் தடவை கைக்குழந்தையோடு வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நீ பெட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். என்னோடு பி.எட். படித்தவள் வழியில் ஆண்டிபட்டியில் இருந்தாள். "எறங்கு! ஊரு என்ன பேசும்?" என்று ஜன்னலைத் தட்டினாய். அப்போதும் உனக்கு ஊர்தான் பெரிது.

ஒன்பது வருஷம் உன் வாசலை மிதிக்கவில்லை. நீ மௌத்தான அன்றுதான் வந்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் ஒன்னயத்தான் கேட்டாக. அந்த ஆளு அப்படிப்பட்டவன்னு அவுகளுக்குத் தெரியாது ஆத்தா" என்றது. அதை நம்பித்தான் அப்படி அழுதேன். தெரியாமல் செய்துவிட்ட அண்ணனுக்காக அழலாம் இல்லையா?

இன்று பிள்ளைகள் சிரித்தபோதுதான் உறைத்தது. நல்ல மனுசன் என்றால் அந்த வார்த்தை எதற்கு? கொசுவுக்கும் இருட்டுக்கும் சொல்வதை அவனுக்கு ஏன் சொன்னாய்? இங்கிலீஷில் நீ தப்பு பண்ணுகிறவன் இல்லை. தெரிந்துதான் சொன்னாய். இரண்டு தடவையும் தெரிந்துதான் கொண்டுபோய் விட்டாய்.

அழுத அழுகையைத் திருப்பி வாங்க முடியாது அண்ணே. கோபம் மட்டும் இருக்கிறது. நாளைக்கும் இருக்கும். அதைப் பொறுத்துப் போகச் சொல்ல நீ இல்லை.