தேயிலையில் தெரியாத வித்தியாசம்

என் செல்ல அக்காவுக்கு,

டயகம தோட்டத்தில் இந்த வாரம் மழை விடவேயில்லை. உன் மகள் துளசியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு, படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். விஞ்ஞானப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்ததால், "அது மட்டும் முடியட்டும் சித்தி, அப்புறம் போயிருவேன்" என்றாள்.

இலை உணவு தயாரிக்கிற ஒளித்தொகுப்புக்கு வெளிச்சம் வேண்டுமா என்பதுதான் அவளுடைய சோதனை. அவள் எழுதிய அறிக்கையின் முதல் வரியே எனக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சம் பட்ட இலைக்கும் படாத இலைக்கும் மாப்பொருளில், அதாவது மாவுச்சத்தில், வித்தியாசமில்லை என்று எழுதியிருந்தாள்.

"ஏன்டி, பொய்ய எழுதிட்டா ஆரம்பிப்பாங்க?"

"பொய் இல்ல சித்தி. இதுக்குப் பேரு சூனியக் கருதுகோள். இத மறுக்க நமக்கு ஆதாரம் கெடைக்குதான்னுதான் பாக்கப் போறோம்."

தையல் மெஷினை மிதிக்கிற எனக்கு இது எங்கே ஏறும்? உனக்காவது புரிந்திருக்குமா?

மற்றப் பிள்ளைகள் என்ன இலை எடுத்தார்களோ, இவள் எங்கள் லய வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் தேயிலையில்தான் செய்தாள். நீ கொழுந்தெடுத்த மலை அது. செடியிலேயே இலையின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடிவைத்தாள். பிறகு பறித்து, அவித்து, ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையைப் போக்கி, அயடீன் விட்டாள். மாப்பொருள் இருந்தால் வெளிச்சம் பட்ட பாதி கருநீலமாக வேண்டுமாம். இரண்டு பாதியும் ஒரே மண்ணிறம்.

"கருநீலமா வந்துச்சுன்னு எழுதிருடி, யாரு பாக்கப் போறா" என்றாள் கூடப் படிக்கிறவள். நானும் தலையாட்டினேன். துளசி கேட்கவில்லை.

ஹட்டனில் நடந்த போட்டிக்கு அவளோடு போனேன். "அப்போ வெளிச்சம் தேவையில்லையா?" என்று நடுவர் சிரித்தபடி கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாது சேர். கருதுகோள மறுக்க இந்தச் சோதனையில ஆதாரம் கெடைக்கல. அவ்வளவுதான்."

தேயிலையின் சாயம் நிறத்தை மறைத்திருக்கலாம் என்றார் அவர். பரிசு கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. போட்டியும் முடிந்துவிட்டது, இனி எதைச் சொல்லி இவளை நிறுத்துவேன்?

பஸ் தலவாக்கலையைத் தாண்டும்வரை ஜன்னல் வழியே தேயிலை மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "சித்தி, திங்கக்கெழம சீக்கிரமா எழுப்பிவிடுங்க. வேற இலையில செஞ்சு பாக்கணும். ஸ்கூல் தொறக்குறப்பவே போயிரணும்" என்றாள்.

கொழும்புப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை எழுப்பிவிடுவேன் அக்கா. அவள் படித்து முடிக்கும்வரை தினமும் எழுப்பிவிடுவேன்.

உன் பிள்ளையை என் பிள்ளையாக வைத்திருக்கும்,
உன் தங்கச்சி