வலி நின்ற பல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதறது. நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு சும்மா பேச்சுக்குக் கேக்கல கண்ணு, இந்தத் தடவை நிஜமாவே பதில் வேணும்.

உன் சின்ன மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. சில வருஷம் முன்னாடி சொத்தைன்னு கடவாப்பல்லை அடைச்சுக்கிட்டான் இல்ல, அதே பல்லு. சூடா எதைக் குடிச்சாலும் சுரீர்னுது, அப்புறம் காது வரைக்கும் தெறிச்சுது. அடைச்ச பல்லு எப்படிக்கா வலிக்கும், சளியா இருக்கும்னு அவனே வைத்தியம் சொல்லிக்கிட்டு மாத்திரையா முழுங்கினான். சலூன்ல ஒரு கையில கத்திரி, ஒரு கையில கன்னம். திடீர்னு ஒரு நாள் வலி சுத்தமா நின்னு போச்சு. டாக்டர்கிட்ட வாயைப் பொளக்காமலே தப்பிச்சேன் பாத்தியான்னு பெருமை வேற. கொஞ்ச நாள்ல தாடைக்குக் கீழ கல்லு மாதிரி வீக்கம். முடி வெட்ட வந்தவங்க காது புளிக்கப் பேசறவன், வாயைத் திறக்க முடியாம சைகை காட்டினான். எச்சில் இறங்கல, படுத்தா மூச்சு முட்டுது. நான்தான் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பாத்தாங்க, எங்ககிட்ட பேசறதை அப்படியே நிறுத்திட்டு ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வரச் சொன்னாங்க. அடைச்சதுக்கு அடியில நரம்பு செத்துப் போச்சாம், அதனாலதான் வலி நின்னுதாம். சீழ் மட்டும் சத்தமில்லாம கழுத்துக்கு இறங்கிக்கிட்டே இருந்திருக்கு. இப்போ தொண்டையில ஓட்டை போட்டு அது வழியா மூச்சு விடறான். கண்ணு மட்டும் என்னையே பாக்குது. எதுவும் இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாங்க.

உனக்கும் அடைச்ச பல்லு குடையுதுன்னு அன்னிக்குச் சொன்ன. நேத்து கேட்டா, அது போயிடுச்சும்மா, இப்ப வலியே இல்லங்கற. உன் குரலும் சரியில்ல, வாய்க்குள்ள எதையோ அதக்கிக்கிட்டுப் பேசற மாதிரி குழறுச்சு. வேலை இருக்கு, லீவு இல்லன்னு ஆரம்பிக்காத. தாடைக்கு அடியில தொட்டுப் பாரு. கெட்டியா இருந்தாலோ, முழுங்கக் கஷ்டமா இருந்தாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. இல்லன்னாலும் இன்னிக்கே பல் டாக்டரைப் பாரு, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு. காலையிலேர்ந்து கூப்பிடறேன், மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, நீ எடுக்கல. அதான் இதை எழுதி, அப்பாவை விட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். உன் பக்கத்து ரூம் தம்பி நம்பர் அப்பாகிட்ட இருக்கு, அவருக்கும் போகும்.

நோய் நொடி அண்டாம நூறு வயசு இருக்கணும் நீ. மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கிடாத.

உன் குரலுக்குக் காத்திருக்கற
அம்மா

பக்கத்து ரூம் தம்பிக்கு: இதை நீங்க முதல்ல பாத்தா, உடனே போய் அவன் கதவைத் தட்டுங்க. திறக்கலன்னா உடைச்சிடுங்கப்பா.