பெரட்டில் துப்பிய வெற்றிலை

12 மார்ச் 1957, செவ்வாய். பதுளை.

காசநோய்ச் சங்கத்தின் நோட்டீசைப் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்புகளில் மூன்று வாரமாக ஒட்டியும் ஒருவர்கூடப் பரிசோதனைக்கு வரவில்லை. இன்று காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், சங்கத்தின் சார்பில் நானே பேசிப் பார்த்தேன். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். அப்போது, ஆஸ்பத்திரியில் குணமாகி வந்த முத்தம்மா கூடையை இறக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு நானும் மறைச்சேன். இப்ப பாருங்க, கொழுந்துக்குத்தான் போறேன். இருமுறவங்க வாங்க!"

யாரும் அசையவில்லை. பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கங்காணி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"நான் செவப்பாத் துப்புறதெல்லாம் வெத்தல இல்லீங்கய்யா. ரத்தமும் வருது" என்று முதல் ஆளாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

நோட்டீஸ் ஒட்ட மூன்று வாரமும் எனக்குப் பசை காய்ச்சித் தந்தவர் அந்தக் கங்காணிதான்.