வலது காலை நீட்டாத கிளி

என் மகளுக்கு,

குமாசியில் நல்ல மழை. கூரை ஒழுகவில்லை. நானும் சுகம்தான்.

உன் அப்பா கிளி வளர்க்கிறார்! ஊரைவிட்டுப் போன பக்கத்து வீட்டு அஜெய்வா தன் சாம்பல் கிளியை இவர் தலையில் கட்டிவிட்டாள். ஒரு கோழிகூட வளர்த்தறியாத மனுஷன்.

முதல் நாளே தகராறு. இவர் செம்பனைப் பழத்தை நீட்ட, அது இடது காலால் வாங்கப் பார்த்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "பெரியவங்ககிட்ட இடதுலயா வாங்குவ? வலது காலை நீட்டு!" கிளி விரலைக் கடித்தது. தினமும் இதே கூத்து. கடைசியில் இவரைக் கண்டாலே முதுகைக் காட்டிக்கொண்டது.

"பொறவியே அப்படிங்க. அதட்டினா மாறிடுமா?" என்றேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. பேரன் ஓபெங் இடது கையால் சாப்பிடுகிறான் என்று உன் அப்பா அந்தக் கையைத் துணியால் கட்டிவைத்தாரே, அந்தத் துணியை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை பார்த்தால், கிளி இவர் மணிக்கட்டில் உட்கார்ந்து, இடது காலால் பழத்தைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறது. இவர் அசையாமல் நிற்கிறார். "சத்தம் போடாத, பயந்துடும்" என்று எனக்கு அதட்டல் வேறு.

மத்தியானம் ஒரே சட்டியில் ஃபுஃபு சாப்பிடும்போது, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "பேரன் வந்தா எனக்கு இடது பக்கம் உட்காரட்டும். அப்பதான் முழங்கை இடிக்காது, இல்ல?"

எழுந்துபோய் அவன் முக்காலியைக் கொண்டுவந்து அங்கே போட்டார். நான் அதை எடுக்கவில்லை.

உன் அம்மா