பிழைப் பதிவு எண் 1905

அனுப்புநர்:
‘கணக்கக்கா’ என்று குழுவில் அழைக்கப்படும் இல்லத்தரசி,
மாடி வீடு, அச்சகச் சந்து.
(இயற்பெயரும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
இணையவழிக் குற்றப் பிரிவு.

பொருள்: இணையக் குழு நண்பர் ஒருவர் 43 நாட்களாகத் தொடர்பில் இல்லாதது – நலமாக இருக்கிறாரா என்று விசாரித்துத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மூன்று பேர் விண்கலத்தில் திசை தவறி அலையும் ஒரு தொடரை ஆறு வருடங்களாக இணையத்தில் பார்த்து வருகிறேன். அதன் ரசிகர்கள் 212 பேர் ஒரு குழுவில் இருக்கிறோம். தொடரில் வரும் தவறுகளையும், அதன் வசனங்களைக் குழுவில் எடுத்து எழுதும்போது எங்கள் ஆட்கள் செய்யும் தவறுகளையும் எண் போட்டு நோட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. எடையே இல்லாத இடத்தில் தலைவியின் பின்னல் எப்படிக் கீழே தொங்குகிறது என்று பதினொரு நாள் சண்டை போட்டவர்கள் நாங்கள். தாங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டுக்காரரும், “இல்லாத கப்பலுக்குக் கணக்கு எழுத ஒரு ஆளு, அந்தக் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு ஆளு. நல்லா இருக்கு உங்க பொழப்பு!” என்றுதான் சொல்வார்.

2. அந்த இன்னொரு ஆள்தான் திருப்புளி. குழுவில் அவருக்கு அதுதான் பெயர். திருகாணி முடுக்கும் கருவியின் பெயர் என்பதால், ஏதோ பழுதுபார்க்கும் வேலை என்பது எங்கள் ஊகம். ஆணா பெண்ணா, வயதென்ன, எதுவும் தெரியாது. கணினியில் அட்டவணை போட எனக்குக் கற்றுத்தந்தவர். ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டாலும், “இடது பக்கம் மூணாவது பொத்தான்க்கா. அங்கேயேதான் இருக்கு, ஓடிப்போகல” என்பார். என்னுடைய 1,904 பதிவுகளில் அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. வசனத்தில் ஒரு சொல் மாறாது.

3. முதல் பாகத்தில் ஓர் உதவி அழைப்பு வரும்: “நிலையம் கேட்கிறதா? காற்று குறைகிறது. உள்ளே மூவர்.” அலுவலகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாலும் பல் மருத்துவரிடம் காத்திருந்தாலும் எங்கள் ஆட்கள் இதை எழுதுவார்கள். மற்றவர்கள் “நிலையம் கேட்கிறது, பொறுத்திருங்கள்” என்று பதில் போட வேண்டும். பழைய விளையாட்டு.

4. 02.07.2023 ஞாயிறு காலை 11.20க்குத் திருப்புளி எழுதினார்: “நிலையம் கேட்கிறதா? காற்று குறைகிறது. உள்ளே ஒருவர்.” 38 பேர் சிரிப்புப் படத்தோடு வழக்கமான பதிலைப் போட்டார்கள். அடுப்படியில் இருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எழுதியது இது: “பிழை. மூவர். பதிவு எண் 1905. திருப்புளியே மாட்டிக்கிட்டாரே!”

11.26க்கு அவர் எழுதினார்: “சரிதான்க்கா. திருத்திக்கிறேன்.”

அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. புதிய பாகங்கள் ஆறு வந்துவிட்டன.

5. மூன்றாவது வாரம் நோட்டைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருடம் ஒரு சொல்லும் தவறாதவர் அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் மாற்றுவார்? 24.07.2023 அன்று எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போனேன். எழுத்தர் நல்ல மனிதர்தான். “ஏம்மா, பேரு தெரியாது, ஊரு தெரியாது. காணாமப் போனது யாருன்னு நான் எழுதுறது? திருப்புளின்னா? கடையில வாங்கிக்கச் சொல்லுவாங்க” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார். குழுவை நடத்தும் நிறுவனமோ, காவல்துறை கடிதம் தந்தால்தான் விவரம் தருவோம் என்கிறது. கடிதம் கேட்டால் பெயர் கேட்கிறார்கள். பெயர் கேட்டால் கடிதம் கேட்கிறார்கள். இதற்கு மேல் எந்தக் கதவைத் தட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

6. தினமும் காலையில் திருப்புளி என்றே சொல்லிப் பிரார்த்திக்கிறேன். கடவுளுக்கு ஆள் தெரியும். விவரம் கேட்பது மற்ற இடங்களில்தான்.

ஆகவே, மேற்படி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று விசாரிக்குமாறு தங்களைப் பணிந்து வேண்டுகிறேன். முகவரி எனக்கு வேண்டாம். இருக்கிறார் என்ற ஒரு வார்த்தை போதும். குழு விதிப்படி, பிழை செய்ததாகக் குறிக்கப்பட்டவரே வந்து, அது பிழையில்லை என்று மறுத்தால்தான் பதிவை அடித்து நீக்கலாம். அவரைக் கண்டால், வந்து மறுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த வரியை அடிக்க எனக்கு உரிமை இல்லை.

இடம்: அச்சகச் சந்து
நாள்: 14.08.2023

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
கணக்கக்கா

இணைப்பு: நோட்டின் கடைசிப் பக்கத்தின் நகல்.