தைவானில் ஒரு பள்ளிக்கூட வாசல்

என் ஸ்டெல்லாவுக்கு, பாதியில் குறுக்கே பேசமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுவது,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் தைவானுக்குப் போன் அடித்தேன். ஆமாம், நானேதான். தொழிற்சாலை பஸ்ஸை மரத்தடியில் நிறுத்திவிட்டு, "நீங்கள் உண்மையான பள்ளிக்கூடம்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்பதற்குப் பலமுறை சொல்லிப் பழகிக்கொண்டு அடித்தேன். ஒரு பெண் எடுத்து, பாட்டுப் பாடுகிற மாதிரி சீனத்தில் ஏதோ சொன்னாள். படித்த ஆங்கிலம் பறந்துவிட்டது. "சாலா நோம்போர்!" என்று மலாயில், தப்பான நம்பர் என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். ஷிப்டு முடிந்து பின்னால் ஏறியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே ஆடியது.

போனை எடுத்தார்கள், சரி. ஆனால் அது என்ன சாட்சி? மோசடிக்காரனும் போனை எடுப்பான். நல்லவனைவிட வேகமாக எடுப்பான்.

நீ கண்ணை மூடிய பிறகு நம் வீட்டில் நடக்கும் விஷயம் இதுதான், ஸ்டெல்லா. நம் ஏஞ்சலினுக்கு வெளிநாடு போய்ச் சீனம் படிக்க வேண்டுமாம். நல்ல வேலை என்று எங்கே போனாலும், சான்றிதழைத் திறப்பதற்கு முன்னால் மெண்டரின் சீனம் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். இப்போது இருக்கும் சரக்கு அனுப்புகிற ஆபீசிலும், வாடிக்கையாளர் சீனத்தில் பேசினால் போனைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டு இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். தமிழ்ப் பள்ளியில் போட்டதற்கு எனக்கு வருத்தமில்லை, உனக்கும் இருக்காது. ஆனால் அப்படி உட்கார்ந்துவிட்டு வருகிற நாளில் அவள் சாப்பிடுவதைப் பார்த்திருந்தால் உனக்குப் புரியும்.

இங்கேயே மாலை வகுப்புக்கும் போனாள். "அங்க கத்துக்கிறத வீட்டுக்கு வந்து யார்கிட்ட பேசுறது? உங்ககிட்டயா?" என்று கேட்டாள். நியாயம்தான். எனக்குத் தெரிந்த சீனம் எல்லாம் மீன் கடையில் விலை கேட்கிற அளவுதான். அதையும் பாதி கையால்தான் பேசுவேன்.

அங்கே போய் இருந்து படிக்க வேண்டுமென்றால் மாணவர் விசா வேண்டும். அந்த விசாவை வாங்கித் தருகிற வகுப்பு என்றால் பெரிய இடம், எட்டாத கட்டணம். கட்டணம் எட்டுகிற இடமோ விசா பற்றி வாயே திறப்பதில்லை. பல வாரம் அவள் தேடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகப்பட்டேன். வீட்டில் வேலையைச் சரியாகத்தான் பிரித்துக்கொண்டோம்.

ஆனால் உன் புருஷனின் சந்தேகத்துக்கு ஒரு ஓட்டை உண்டு என்பது உனக்குத் தெரியுமே. நல்ல தமிழில் "அண்ணே" என்று ஒருத்தன் கூப்பிட்டால் போதும், அந்த ஓட்டை வழியாக எல்லாம் ஓடிவிடும். ஸ்கூடாய் டவுனில் ஒரு மாடிக்கடையில் பிரகாசம் என்று ஒரு ஏஜண்டு. "அண்ணே, நீங்க ரெங்கமா? எங்கம்மாவும் ரெங்கம் எஸ்டேட்டுதான்!" என்றான். அவ்வளவுதான். என் பிள்ளைக்குக் கல்யாணமே பேசி முடித்த மாதிரி அவன் முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தங்கச்சி, நீ கவலையே படாத. சுற்றுலா விசாவுல போயிடு. அங்க போய் மாத்திக்கலாம். வாரத்துக்கு ரெண்டு நாள் கிளாஸ், மத்த நாளு வேலை. கையில காசும் நிக்கும்."

"வாரத்துக்கு ரெண்டு நாள் படிச்சா மாணவர் விசா குடுப்பாங்களா?" என்று கேட்டாள் நம் மகள்.

"அது எங்க ஆளு பாத்துக்குவாரு லா."

"எந்த ஆளு? எந்தப் பள்ளிக்கூடம்? பேர் சொல்லுங்க, நான் எழுதிக் கேட்டுக்கிறேன்."

"என்ன அண்ணே, பாப்பா போலீசு மாதிரி பேசுது!" என்று அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன், ஸ்டெல்லா. வெட்கம்தான். "பாஸ்போர்ட்ட மட்டும் இன்னிக்கே எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்று அவன் சொன்னதும்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. ஏஞ்சலின் ஏற்கெனவே படியில் பாதி இறங்கியிருந்தாள். அடுத்த முறை அந்தப் பக்கம் பஸ் ஓட்டிப் போனபோது பார்த்தேன். அந்த மாடியில் இப்போது முடி வெட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவளே கண்டுபிடித்தாள். தைவானின் தெற்கில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மொழி நிலையம். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வகுப்பு. சேர்க்கைக் கடிதம் கொடுப்பார்கள், அதைக் காட்டி நாமே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்புக்கு மட்டம் போட்டால் விசாவை நீட்டிக்க மாட்டார்கள். வேலை உண்டு என்று ஒரு வார்த்தை இல்லை. கட்டணமோ, நான் நினைத்ததில் பாதிகூட இல்லை.

எனக்கு எங்கே பொறுக்கும்? "ஏன் மலிவு?" என்று கேட்டேன்.

"சின்ன ஊருப்பா."

"சின்ன ஊருன்னா யாரும் தேடி வரமாட்டாங்க. பூட்டி வைக்க வசதி."

"அலமாக்! கூடக் கேட்டா கொள்ளைங்கிறீங்க. கொறச்சுக் கேட்டா கடத்தல்ங்கிறீங்க. எவ்வளவு கேட்டா நம்புவீங்க, ஒரு வெலை சொல்லுங்க!"

என்னிடம் விலை இல்லை. சந்தேகம்தான் இருந்தது. அது காரணமில்லாத சந்தேகமும் இல்லை, ஸ்டெல்லா. ரெங்கத்தில் உன் அண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் மகனை நினைவிருக்கிறதா? நல்ல வேலை என்று கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, கட்டடத்துக்குள் வைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எப்படியோ திரும்பி வந்தான். போய்ப் பார்த்தேன். "அங்க சோறு உண்டு, டிவி உண்டு, அங்கிள். வீட்டுக்குப் போன் பண்ணிச் சிரிக்கச் சொல்லுவாங்க, சிரிப்போம். கேட்டைத் தாண்ட மட்டும் விடமாட்டாங்க" என்றான்.

அதிலிருந்து எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வயதில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை.

அந்த மொழி நிலையத்தில், ரெங்கத்துக்குப் பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கைச் சேர்ந்த ஐஷா என்ற மலாய்ப் பெண் படிப்பதை ஏஞ்சலின் எப்படியோ தேடிப் பிடித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீடியோவில் வந்தது அந்தப் பிள்ளை. வகுப்பைக் காட்டியது, படுக்கிற அறையைக் காட்டியது. "இதெல்லாம் முன்னாலேயே எடுத்து வச்சிருப்பாங்க" என்று நான் ஏஞ்சலின் காதில் சொன்னேன்.

"ப்பா, அவ இப்பதான் உங்களுக்கு சலாம் சொன்னா. நீங்க தலையாட்டுனீங்க."

"சரி, ஜன்னலத் தொறக்கச் சொல்லு."

திறந்தது. வெயில் அடித்தது. நான் விடவில்லை. போனை வாங்கி நானே மலாயில் கேட்டேன். "கேட்டைத் தாண்டி வெளியே போய், எதிரில் இருக்கிற கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பி வா அம்மா. போனை அணைக்காமல் போ."

ஏஞ்சலின் தலையில் கை வைத்தாள். ஐஷாவோ விழுந்து விழுந்து சிரித்தது. "பாக்சிக், எங்க அப்பாகூட இவ்வளவு கேட்கல" என்று மலாயில் மாமா முறை வைத்துச் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தது. மாடிப்படி, சைக்கிள் நிறுத்துகிற இடம், அப்புறம் ஒரு நீளமான நடை. தூரத்தில் கேட்டு தெரிந்தது. பக்கத்தில் காவலாளி அறை. என் உதடு அசைவதைப் பார்த்து ஏஞ்சலின் என் தோளில் கை வைத்தாள். அந்தப் பிள்ளைக்காகச் செபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐஷா கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஒரு கொய்யாப்பழம் வாங்கி, ரோட்டோரம் நின்று கடித்துக் காட்டியது. "இனிப்பு, பாக்சிக்!"

ஏஞ்சலின் கை தட்டினாள். திரும்பி என்னைப் பார்த்தவள் நிறுத்திவிட்டாள். "ஏன்பா மூஞ்சி இப்படிப் போச்சு? உண்மையான எடம்தானே?"

"உண்மையான எடம்தான்" என்றேன். "கொய்யாப்பழம் என்னா பெருசு, பாத்தியா?"

இப்போது விசாவும் வந்துவிட்டது. தூக்கிப் பிடித்து, சாய்த்துப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மழைக் காலம் முடிவதற்குள் கிளம்புகிறாள். உன் பச்சைச் சால்வையைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். கேட்காமலே எடுத்துக்கொண்டாள், நானும் கேட்கவில்லை. அவள் போன பிறகு வேலை முடிந்து வந்து இந்த வீட்டுக் கதவைத் திறந்தால், யாரைச் சந்தேகப்படுவேன் நான்?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளை நானே விமான நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைப்பேன். அங்கே போன பிறகு தினமும் ஜன்னலைத் திறந்து காட்டச் சொல்ல மாட்டேன். சரி, முதல் வாரம் மட்டும் சொல்வேன். அவள் சீனத்தில் பேசக் கற்றுக்கொண்டு, வேறு யாருக்கும் போனைக் கொடுக்காமல் தானே பதில் சொல்கிற நாள் வரும்வரை, திரும்பி வா என்ற வார்த்தையை என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு என் உதடு அசைந்தது எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. ஐஷா யாரோ பெற்ற பிள்ளை. என்னை நம்பி, சிரித்துக்கொண்டே அந்த வாசலை நோக்கி நடந்தது. நான் சொன்ன செபம் இவ்வளவுதான், ஸ்டெல்லா: "ஆண்டவரே, அந்தக் கேட்டு பூட்டியிருக்கட்டும்."

உன் வீட்டுக்காரன்,
ஏஞ்சலினின் அப்பா