பாதிச் சவரத்தில் சொன்ன பதில்

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் நின்று அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில், நாலு பேர் வரிசையில் பார்த்துக்கொண்டிருக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். கடைக்காரப் பெண் பதறிப்போய், "இன்னாண்ணே, கலர்ல போட்டுட்டேன்னு ஃபீல் பண்றியா? பிளாக் அண்ட் ஒயிட் காசே குடு, போதும்" என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, கலர் காப்பியைக் கறுப்பு வெள்ளை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் சொல்ல எனக்கு உன்னைவிட்டால் யார்?

அழவைத்தது உன் கேஸ் கட்டு. கோர்ட்டு உன் பெயரில் பேங்கில் முடக்கிப் போட்டிருக்கும் மிச்ச இழப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற, எல்லாவற்றிலும் ஒரு காப்பி எடுத்து வரச்சொல்லி உன் வீட்டம்மா மஞ்சப்பையோடு கொடுத்தார். இத்தனை வருஷம் சமையலறை ஆணியில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் தொங்கிய பை. கோர்ட்டு முத்திரையில்கூட நெத்திலி வாசனை அடித்தது. அந்தக் கட்டில் ஒரே ஒரு தாள்தான் என்னைக் கவிழ்த்தது. அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஒரு வம்பைச் சொல்ல ஊரைச் சுற்றிக்கொண்டு வருபவன் என்று என்னைத் திட்டுவாயே, அது இன்னும் மாறவில்லை.

விபத்து நடந்த அன்று காலை நான் நம் தெரு சலூன் நாற்காலியில் இருந்தேன். ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை. அப்போதுதான் நீ போன் செய்தாய். "மாமு, ஆஸ்பத்திரில கீறேன். பேஜாரு ஒண்ணுமில்ல. காலு மட்டும் வேற பக்கம் பாத்துகினு கீது." கழுத்துத் துணியோடு ஓடிவந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கு மூஞ்சில அடியா?" என்று கேட்டார்.

நீ ஸ்ட்ரெச்சரில் கிடந்தாய். விம்கோ நகர் திருப்பத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று வளைந்தபோது, முன்பக்கம் உன்னைத் தாண்டிப் போய்விட்டது, பின்பக்கம் உன் மொபெட்டை அள்ளிவிட்டது. "டிரெய்லருக்குத் தலை வேற, வாலு வேற" என்று எனக்கே பாடம் எடுத்தவன் நீ. எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் எடைமேடைச் சீட்டு போட்டுக்கொண்டு, நாளெல்லாம் டிரெய்லர்களோடு குடித்தனம் நடத்தியவன்.

உன் காலடியில் அந்த டிரைவர் நின்றிருந்தார். தெற்கத்தி ஆள், நாற்பது வயதிருக்கும். ஓடிப்போகாமல், அவரே உன்னைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். உன் காலில் சுற்றியிருந்தது அவருடைய துண்டு. அவர் உன்னைப் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னா நைனா இது, சாமிக்குப் போடு இத்தெல்லாம்" என்று நீ அவர் கையை இறக்கிவிட்டாய்.

அப்போதுதான் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா என்னிடம் திரும்பி, "நீங்க கூட வந்தவரா? எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

உன் முகம் வலியில் கோணியிருந்தது. உன்னைச் சிரிக்கவைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. "லாரி பாவம், அது இன்னா டாக்டர் பண்ணும்? இவன் மாதா கோயில் பேண்டுல பெரிய டிரம் அடிக்கிறவன். நேரா நடந்து பழக்கமே கெடையாது. இவனாத்தான் வுயுந்திருப்பான்" என்றேன். ஸ்ட்ரெச்சர் குலுங்கச் சிரித்தாய். நர்ஸம்மாவும் சிரித்தார். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் குனிந்து ஏதோ எழுதினார்.

நாலு மாதம் கழித்து, ராயபுரத்தில் பாத்திரக்கடை மாடியில் நம் வக்கீல் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். ஆஸ்பத்திரியில் முதன்முதலாக எழுதும் விபத்துப் பதிவு. அதன் முதல் வரியைத் தமிழில் சொன்னார்: இரு சக்கர வாகனத்திலிருந்து தானே கீழே விழுந்தார். "யாருய்யா இத்த சொன்னது? லாரின்ற வார்த்தையே இல்ல. இன்ஷூரன்ஸ்காரன் இதுக்கு ஃபிரேம் போட்டு மாட்டி, தெனம் பூ வைப்பான்."

நீ என்னைப் பார்த்தாய். நான் ஃபேனைப் பார்த்தேன்.

நீ உடனே பேச்சை மாற்றி, "அந்த டிரைவரு பாவம் சார், அவனாண்ட இன்னா கீது, வாங்குறதுக்கு?" என்றாய். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "டிரைவர் கையில இருந்து ஒரு பைசா போவாதுய்யா. லாரியோட இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டும். அதுக்குத்தான கேஸு." நீ குனிந்து உன் காலைத் தடவினாய். பிறகு, "மொதல்லயே தெரியாம பூட்ச்சே" என்று முனகினாய். என் ஜோக்கைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். "சார், நான் கூண்டுல ஏறி, அது ஜோக்குன்னு சொல்லிடறேன்" என்றேன். வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஏறுனா கேஸே ஜோக்காயிடும். கம்முனு இரு."

கம்மென்று இருந்தேன். வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

வாய்தா மேல் வாய்தாவாக வருஷங்கள் போயின. கடைசியில் பாதித் தப்பு உன்னுடையது என்று சொல்லி, தொகையில் பாதியை வெட்டினார்கள். காரணம் அந்த முதல் வரி. காலை நேராக்கச் செய்ய வேண்டிய இரண்டாவது ஆபரேஷன் அதோடு நின்றது. அதற்குப் பிறகு உன்னால் டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்தடி நடக்க முடியவில்லை. மாதா திருவிழா ஊர்வலத்தில் பேண்டு உன்னை விட்டுவிட்டுப் போனபோது, கோயில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நீ விரலால் தாளம் போட்டதை நான் எதிர்க்கடை மறைவில் நின்று பார்த்தேன்.

அடுத்த வருஷம் மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழுவி, அதில் உன்னையும் டிரம்மையும் ஏற்றி நான்தான் தள்ளினேன். எவ்வளவு கழுவியும் சங்கரா மீன் வாசனை போகவில்லை. "மெதுவா தள்ளு மாமு. பிஷப்புகூட இப்டிப் போனதில்ல" என்று நீ கையசைத்துக்கொண்டே வந்தாய். சுற்றிலும் சிரிப்பு. ஊரே என்னைப் பெரிய தியாகி என்றது. தியாகமாவது! தண்டனையைக் குறைத்துக்கொள்ளப் பார்த்த கைதி நான்.

மன்னிப்புக் கேட்க முயலாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் வாங்கிக்கொண்டு வந்தேனே, ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வருவேன். "நைனா, அன்னிக்கு ஆஸ்பத்திரில..." என்று ஆரம்பித்தால் போதும், "வுடு மாமு, கொழம்பு ஆறிப்பூடும்" என்று என் தட்டில் தலைத்துண்டைத் தள்ளுவாய். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே தின்றுவிட்டு வருவேன். போன மழைக்காலத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ ஒரே நாளில் போய்விட்டாய். நான் பாதியில் நிறுத்திய வாக்கியம் அப்படியே நிற்கிறது.

உன்னால் என்னிடம் தங்கியது ஒரு கிறுக்கு. தெருவில் யாராவது அடிபட்டால் இப்போதெல்லாம் முதல் ஆளாக ஓடுகிறேன். ஆட்டோவில் ஏற்றும்போதே, "டாக்டர் கேட்டா நடந்தத நடந்தபடி சொல்லு. லாரி இடிச்சிச்சின்னா லாரின்னு சொல்லு. மொதல் வரிதான் கேஸு" என்று காதில் ஓதுகிறேன். திருவொற்றியூரில் எனக்கு 'மொதல் வரி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் மட்டும் வாயே திறப்பதில்லை. ஒருமுறை எனக்கே பல்வலி வந்தபோது விரலால் காட்டினேன்.

சரி, அந்தத் தாள். வக்கீல் தூரத்திலிருந்து காட்டியதோடு சரி, அந்த விபத்துப் பதிவை நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. இன்றுதான் ஜெராக்ஸ் கண்ணாடிமேல் வைக்கும்போது, முதல் வரிக்கு மேலே இருந்த இரண்டு சின்னக் கட்டங்களைப் படித்தேன். தகவல் சொன்னவர்: நோயாளியே, தெளிந்த நினைவுடன். டிரைவர் உன்னை எதற்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதும், குழம்பு எதற்கு அவ்வளவு சீக்கிரம் ஆறியது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டரம்மா என் எதிரில் எழுதியது எக்ஸ்ரே சீட்டாக இருக்கும்.

இரண்டாவது கட்டம், பதிவு எழுதிய நேரம்: காலை ஒன்பது ஐம்பது. நம் தெரு சலூன் பத்து மணிக்குத்தான் திறக்கும்.